மேல் இடது மூலை

சனி ஞாயிறுகளில்
லெபோ ஆச்சேயில், பூண்டு வாடை இன்னும் போகாத
பழைய கிடங்கொன்றில்
ஓர் இருட்டறைக்கு நான் காவல்.
மணிக்கு ஒன்பது வெள்ளி.

உள்ளே ஒரே ஒரு திரை. இருபத்திரண்டு நிமிடப் படம்
முடிந்து முடிந்து தொடங்கும்.
சதுப்பில் ஒரு படகு, ஒரு கயிறு,
பதினேழாம் நிமிடத்தில் ஒரு நாய்.
நாயைப் பார்த்தவர்கள் இதுவரை மூன்று பேர்.
அதில் ஒருவர், விட்டுப்போன கைப்பேசியைத் தேடி வந்தவர்.

சீலையை விலக்குவார்கள்.
கண் இருட்டுக்குப் பழகுவதற்குள்
படம் பழகிவிட்டதென்று திரும்புவார்கள்.
'பார்வைப் பழக்கம்' பாடத்துக்காக
நோட்டில் கோடு போட்டு எண்ணுகிறேன்.
தெருமுனைச் சுவரோவியத்துக்கு நாற்பது நிமிட வரிசை,
முறை வந்ததும் ஓவியத்துக்கு முதுகு காட்டி நிற்க.
இங்கே, சராசரி ஏழு விநாடி.

கட்டுரையை ஏளனமாய்த்தான் தொடங்கினேன்.
ஆனால் போன வாரம்
பேருந்திலும் ஃபெர்ரியிலுமாக
ஒரு முழுப்படத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்தவள் நான்.
அந்தப் பெண் அணில் மாதிரி அழுதாள்.
பாகான் ஜெட்டி வந்துவிடுமே என்று
அவள் அப்பாவின் சாவை மட்டும் தாண்டிவிட்டேன்.

முதல் மூன்று விநாடியில் பிடிக்காவிட்டால்
செத்தோம் என்கிறான் கிஷன்ராஜ்.
அவன் படத்தில் எடுத்த எடுப்பில் கண்ணாடி உடைகிறது.
என் படத்தில் ஃபெர்ரி கிளம்புகிறது.
அது கிளம்பவே ஒரு நிமிடம் ஆகிறது,
நான் என்ன செய்ய.

லோகா அக்காவுக்குப் பிறையில் இரவு ஷிப்ட்.
நுண்ணோக்கியில் கண் வைத்தால்
ஒரு சில்லுக்கு நான்கு விநாடி.
நல்லது இந்தத் தட்டு. கெட்டது அந்தத் தட்டு.
வீட்டுக்கு வந்தால் எதையும் பார்க்கமாட்டாள்.
சீரியல் ஓடும், அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள்.
வளையல் சத்தம் கேட்டு, "மாமியார் வந்துட்டா" என்பாள்.
"பொய் சொல்றான்" என்பாள், இசை மாறுவதற்கும் முன்னால்.
இது என்ன பழக்கம்?
என் கேள்வித்தாளில் இதற்குக் கட்டம் இல்லை.

மாணவர் படங்கள் திரையிட்ட காலையில்
ஷிப்ட் முடிந்து நேராக, நீலச் சட்டையோடு வந்துவிட்டாள்.
நிதானம் என்றார் மிஸ் சுராயா.
நீளம் என்றான் கிஷன்.
அக்கா மட்டும் ஒரு தடவைகூடச் சாயவில்லை.
பதினொரு நிமிடமும் கழுத்தை நீட்டி
திரைக்குள் குனிகிறவள் மாதிரி இருந்தாள்.
எனக்குத் தொண்டை அடைத்தது.

வெளியே, மைலோ பொட்டலத்தில் குழலைக் குத்திக்கொண்டே,
"மேல இடது மூலையில ஒரு புள்ளி இருக்கே, பார்த்தியா?"

எந்த ஷாட்டில்?

"எல்லாத்துலயும்தான். கடல் வந்தாலும் இருக்கு.
அந்த ஆள் மோட்டார்ல உக்காந்து கொட்டாவி விடுறப்பவும் இருக்கு.
தூசி. முதல்லேர்ந்தே."

ஏழு மாதம். எடுத்தவள் நான், வெட்டியவள் நான்,
நிறம் திருத்துகிறேன் என்று
விடிய விடிய அந்த வானத்தைத் தேய்த்தவளும் நான்.

"எங்க லைன்ல இது ரிஜெக்ட்டுடி."
சிரித்தாள். சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.
கதை எப்படி என்றேன்.
"கதையா? நான் புள்ளியத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்.
நகருதான்னு."

நகரவில்லை. வீட்டில் போட்டுப் பார்த்தேன்.

இந்தச் சனிக்கிழமை
வாசலில் கிடந்த நாற்காலியை உள்ளே இழுத்து
திரைக்கு எதிரே போட்டேன்.
இருநூறு தடவையாவது என் முதுகுக்குப் பின் ஓடிய படம்.
மேல் இடது மூலையில் ஒன்றுமில்லை.
கீழே வலப்பக்கம், கயிற்றின் நிழல் விழும் சேற்றில்
ஒற்றைச் செருப்பு.
யாருடையது, எப்போதிலிருந்து?
நாய் வர இன்னும் ஆறு நிமிடம்.

யாரோ சீலையை விலக்கினார்கள், வெளிச்சம் விழுந்தது.
எண்ண மறந்துவிட்டேன்.